புனே பேட்டையில் ‘புதுப்பித்த’ பழைய 2 பிஎச்கே: டைல்ஸைப் பார்க்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “சனிவார் பேட்டை. 1930-களில் கட்டிய வீடு. முழுவதும் புதுப்பித்த 2 பிஎச்கே. தேக்கு உத்தரம், புது மாடுலர் கிச்சன், மெட்ரோவுக்கு நடந்தே போகலாம். ரூ.80 லட்சம்.”

ஹிஞ்சவாடி, கராடி பக்கம் இருபதாவது மாடியில் வாடகைக்கு இருந்து, லிஃப்டுக்கும் டேங்கர் தண்ணீருக்கும் காத்திருந்து சலித்தவருக்கு அந்தப் படங்களைப் பார்த்ததுமே ஆசை வரும். நம்ம ஊர் முற்றம் வைத்த வீடு மாதிரியே இருக்கே என்று தோன்றும். விலையும் பக்கத்தில் உள்ள புது அடுக்குமாடியைவிடக் குறைவு.

ஏன் குறைவு? பதில் கிச்சனிலும் இல்லை, பாத்ரூமிலும் இல்லை. அந்த வீட்டை விற்பவரிடம் உண்மையில் என்ன உரிமை இருக்கிறது என்பதில் இருக்கிறது. பழைய பேட்டைகளில் ஒரே மாதிரி தெரியும் மூன்று வீடுகளுக்கு மூன்று வெவ்வேறு சட்ட நிலை இருக்கலாம். ஒன்றில் நீங்கள் உரிமையாளர். இன்னொன்றில் முன்பணம் கொடுத்த வாடகைதாரர். மற்றொன்றில், பணம் கொடுத்தும் உள்ளே குடியேற உரிமை இல்லாத பங்குதாரர். இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதுதான் இந்த விளக்கம்.

பேட்டை என்றால் புனேயில் எந்த இடம்?

நம்ம சைதாப்பேட்டை, ராயப்பேட்டையில் இருக்கும் அதே பேட்டைதான் மராத்தியில் ‘பேட்’. முட்டா ஆற்றின் கரையில் இருக்கும் பழைய நகரம் முழுவதும் இப்படிப் பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. மிகப் பழையது கஸ்பா பேட்டை. சனிவார், ரவிவார், சோம்வார், புத்வார், சுக்ரவார் என்று பல பேட்டைகளுக்குக் கிழமைகளின் பெயர். நாராயண், சதாசிவ், நானா பேட்டைகளுக்குப் பேஷ்வா காலத்து மனிதர்களின் பெயர்.

இங்குள்ள பழைய வீட்டுக்கு ‘வாடா’ என்று பெயர். நடுவில் முற்றம், அதைச் சுற்றி அறைகள், கருங்கல் அடித்தளம், மரத்தூண், மரச்சட்டத்துக்கு இடையே செங்கல் சுவர். முதலில் ஒரே குடும்பம் வாழ்ந்தது. பிறகு நகரம் வளர வளர, அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விட்டார்கள். 1920, 30-களில் வாடாக்களுக்குப் பக்கத்திலேயே மூன்று மாடி வாடகைக் கட்டடங்களும் எழுந்தன. இன்று ‘போருக்கு முந்தைய 2 பிஎச்கே’ என்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வாடாவின் ஒரு பகுதி, அல்லது அந்த வாடகைக் கட்டடத்தின் ஒரு தளம்.

இப்போது திடீரென இவை கவனத்துக்கு வருவதற்கு ஒரு காரணம் மெட்ரோ. 2024 செப்டம்பர் 29 அன்று மாவட்ட நீதிமன்றம் – ஸ்வார்கேட் சுரங்கப்பாதை திறந்தபோது கஸ்பா பேட்டை, மண்டயி என்று பழைய நகரத்துக்குள்ளேயே நிலையங்கள் வந்துவிட்டன. பார்க்கிங் இல்லாத சந்துக்குக்கூட மதிப்பு கூடியது.

‘போருக்கு முந்தையது’: இங்கே அதற்கு ஒரு தேதி இருக்கு

நியூயார்க்கில் ‘போருக்கு முந்தைய அபார்ட்மென்ட்’ என்றால் பெருமை. உயர்ந்த கூரை, தடித்த சுவர், நல்ல மரத்தளம். மகாராஷ்டிராவில் அந்தச் சொல்லுக்கு ஒரு சட்டத் தேதி உண்டு: 1940 செப்டம்பர் 1.

1947-ல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அந்தத் தேதியில் இருந்த வாடகையையே நியாய வாடகை என்று வைத்தது. போர்க்காலத் தட்டுப்பாட்டில் வாடகைதாரரைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு அது. ஆனால் அரை நூற்றாண்டு அப்படியே நீடித்தது. 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வாடகையை இப்படி உறைய வைத்திருப்பது இனி நியாயமில்லை என்று சொன்ன பிறகு, மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 வந்தது. 2000 மார்ச் 31 முதல் அது அமலில் இருக்கிறது.

புதிய சட்டம் ஆண்டுக்கு 4% வாடகை உயர்வை அனுமதிக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2000-ல் மாத வாடகை ரூ.100 என்றால், ஒவ்வோர் ஆண்டும் 4% கூட்டுவட்டி போல ஏற்றினாலும் 25 ஆண்டுகளில் அது சுமார் ரூ.267 ஆகும். அந்தப் பணத்தில் ஒரு பிளம்பரைக்கூட கூப்பிட முடியாது. பழைய வாடாக்களின் உரிமையாளர்கள் ஏன் கூரையைச் சரி செய்யவில்லை என்று கேட்டால், பாதி பதில் இந்த எண்ணில் இருக்கிறது. மீதி பதில், வாடகைதாரரைச் சுலபமாக வெளியேற்ற முடியாது என்பதில்.

இதற்குப் புனேயே ஒரு சாட்சி. ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்ரிபாய் ஃபுலேயும் 1848-ல் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய பிடே வாடா, நினைவுச் சின்னமாக வேண்டும் என்று எல்லோரும் கேட்ட இடம். மாநகராட்சி அதைக் கையகப்படுத்த முயன்றபோது அங்கிருந்த வாடகைதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, உச்ச நீதிமன்றத்தில் முடிந்த பிறகு 2023 டிசம்பரில்தான் சிதிலமான கட்டடம் இடிக்கப்பட்டது. ஊரே விரும்பிய இடத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு தனி ஆளின் 2 பிஎச்கே வழக்கு எவ்வளவு காலம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ நாம என்னதான் வாங்குறோம்?

1930-களில் ஒரு கட்டடத்தின் ஒரு ஃபிளாட்டை மட்டும் தனியாக விற்கும் வழக்கம் ஏறக்குறைய இல்லை. மும்பை காம்தேவியில் 1915-ல் உருவான சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் மாதிரி சில விதிவிலக்குகள் இருந்தன. மற்றபடி முழுக் கட்டடம் ஒரு குடும்பத்துக்கு, அறைகள் வாடகைக்கு. ஃபிளாட் விற்பனையை ஒழுங்குபடுத்தும் மகாராஷ்டிர ஃபிளாட் உரிமைச் சட்டம் (சுருக்கமாக ‘மோஃபா’) 1963-ல்தான் வந்தது. ‘கண்டோமினியம்’ என்று நாம் சொல்லும் முறைக்கு மகாராஷ்டிர அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம் 1970-ல்.

அதாவது, கட்டடம் 90 வயதானது. ஆனால் அதில் ஒரு ஃபிளாட்டுக்குத் தனி உரிமை இருக்கிறது என்றால், அது பிற்பாடு யாரோ சட்டப்படி செய்துவைத்த ஏற்பாடாகத்தான் இருக்க வேண்டும். அப்படிச் செய்தார்களா, இல்லையா? இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் வரலாம்.

பதில் 1: பகடி. இது சொத்து அல்ல, வாடகை உரிமை

தமிழில் பகடி என்றால் கேலி. மராத்தியில் தலைப்பாகை. வீட்டுச் சந்தையில், வாடகைதாரர் பெருந்தொகை கொடுத்து வாங்கும் குடியிருப்பு உரிமை. உரிமையாளருக்கு மாதாமாதம் சிறு வாடகை தொடரும். வீட்டை விட்டுப் போகும்போது அந்த உரிமையை இன்னொருவருக்குப் பெருந்தொகைக்கு மாற்றலாம். உரிமையாளரும் சம்மதத்துக்காக ஒரு பங்கு கேட்பார்.

பகடி சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய சட்டத்தில் அப்படித்தான். 1999 சட்டத்தின் 56-வது பிரிவு இந்தப் பண மாற்றத்தை அனுமதித்துவிட்டது. ஆனால் உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் மாற்றினால், அதுவே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும். ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக, பதிவு செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்கிறது 55-வது பிரிவு.

இதில் நமக்கு இடிக்கும் விஷயங்கள் மூன்று. நிலத்திலோ கட்டடத்திலோ உங்களுக்கு உரிமைப் பத்திரம் கிடையாது; அதனால் வழக்கமான வீட்டுக் கடனுக்கு வங்கியிடம் அடமானம் வைக்க எதுவும் இல்லை. உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்கு என்றோ, இடித்துக் கட்ட என்றோ நீதிமன்றம் போகலாம். வாரிசுக்குப் போகும் விதமும் வேறு: வாடகைதாரர் இறக்கும்போது அவருடன் வசித்த குடும்ப உறுப்பினருக்கே முதல் இடம்; அப்படி யாரும் இல்லையென்றால்தான் மற்ற வாரிசுகள். வாடகை உரிமையை உயில் எழுதி விரும்பியவருக்குக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லியிருக்கிறது. சென்னையில் இருக்கும் தங்கை பெயருக்கு எழுதிவைக்கலாம் என்று நினைத்திருந்தால், அது நடக்காது.

பகடியில் வாழவே கூடாது என்பதில்லை. பல குடும்பங்கள் மூன்று தலைமுறையாக நிம்மதியாக வாழ்கின்றன. ஆனால் உரிமையாளராகும் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

பதில் 2: கூட்டுக் குடும்பத்தில் ஒரு பங்கு

“இது எங்க தாத்தா வாடா. என் பங்குக்கு இந்த இரண்டு அறையும் கிச்சனும் வந்தது” என்பார் விற்பவர். உண்மையாகவும் இருக்கலாம். குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக அவரவர் பகுதியில் வாழ்ந்திருப்பார்கள். ஆனால் பதிவு செய்த பாகப் பிரிவினை இருக்கிறதா?

இல்லையென்றால் சொத்துமாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவரின் பங்கை வெளியாள் வாங்கலாம். ஆனால் அந்த வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது. நீங்கள் பாகப் பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் ஆண்டின் பாகப் பிரிவினைச் சட்டப்படி, குடும்பத்தில் ஒருவர் நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்புக்கு உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் கிச்சனுக்குச் செலவழித்த பணத்தையும் தரகருக்குக் கொடுத்ததையும் அந்த மதிப்பு ஈடுகட்டும் என்று சொல்ல முடியாது.

மகள்களின் பங்கும் இதில் முக்கியம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005 செப்டம்பர் 9 முதல் மகளுக்கும் மகனுக்குச் சமமாகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. திருமணமாகி நாசிக்கிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கும் அத்தைகளின் கையெழுத்து இல்லாமல் “குடும்பத்தில எல்லாருக்கும் ஓகே” என்பது வெறும் பேச்சு.

பதில் 3: சொசைட்டி அல்லது கண்டோமினியம்

வாடகைதாரர்கள் சேர்ந்து உரிமையாளரிடமிருந்து கட்டடத்தை வாங்கி, கூட்டுறவுச் சங்கமாகவோ கண்டோமினியமாகவோ பதிவு செய்திருந்தால், நீங்கள் தேடும் வீடு அதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சொசைட்டியில் நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில் இருக்கும். உங்களுக்கு உறுப்பினர் உரிமை, பங்குச் சான்றிதழ், அந்த ஃபிளாட்டில் வாழவும் விற்கவும் உரிமை. கண்டோமினியத்தில் ஃபிளாட்டே உங்கள் பெயரில். அதோடு நிலத்திலும் பொது இடங்களிலும் இத்தனை சதவீதம் பிரிக்கப்படாத பங்கு என்று பதிவு செய்த பத்திரத்தில் எழுதியிருக்கும். சென்னையில் ‘யுடிஎஸ் எவ்வளவு?’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். புனேயில் இரண்டு முறையும் புழக்கத்தில் உண்டு. சொசைட்டி ஃபிளாட்டில் யுடிஎஸ் எண் இல்லையே என்று பயப்பட வேண்டாம். நிலம் சங்கத்தின் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறவில்லையென்றால் ‘டீம்டு கன்வேயன்ஸ்’ என்று ஒரு வழி இருக்கிறது: பழைய உரிமையாளர் ஒத்துழைக்காவிட்டாலும் அரசு அதிகாரி மூலம் நிலத்தைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றும் நடைமுறை. 2008 திருத்தம் அதைத் தந்தது. ஆனால் அந்த வேலை முடிவதற்கு முன்பே முழு விலையைக் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

புனே கேம்ப் பக்கம் பழைய வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கன்டோன்மென்ட் பகுதியில் பல பழைய பங்களாக்கள் ‘ஓல்டு கிராண்ட்’ முறையில் இருப்பவை. கட்டடம் தனியாருடையது, நிலம் மத்திய அரசுடையது. அங்கே கேள்விகளே வேறு. அந்த நிலப் பதிவேட்டைத் தெரிந்த வழக்கறிஞர் தேவை.

எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தமிழ்நாட்டில் பட்டா, வில்லங்கச் சான்றிதழ் கேட்போம். புனே பேட்டைகளில் அந்த இடத்தில் வருபவை இரண்டு. ஒன்று, சிட்டி சர்வே அலுவலகத்தின் ‘பிராப்பர்ட்டி கார்டு’. நிலம் யார் பெயரில், என்ன வகை உரிமை என்று அதில் இருக்கும். இன்னொன்று, பதிவுத்துறையின் ‘இண்டெக்ஸ் 2’. ஒவ்வொரு பதிவின் சுருக்கமும் அதில் கிடைக்கும். இரண்டையும் இணையத்திலேயே தேடலாம். பழைய பதிவுகளுக்கு வழக்கறிஞர் நேரில் போய் 30 ஆண்டுத் தேடல் அறிக்கை எடுத்துத் தருவார்.

பிராப்பர்ட்டி கார்டில் விற்பவரின் பெயரே இல்லை, ஆனால் கையில் வாடகை ரசீது இருக்கிறது என்றால் அது பகடி. கார்டில் பதினொரு பெயர் இருக்கிறது, அதில் விற்பவரும் ஒருவர் என்றால் கூட்டுக் குடும்பம். சங்கத்தின் பெயர் இருந்தாலோ, பதிவான கண்டோமினியம் பத்திரம் இருந்தாலோ மூன்றாவது வகை.

மின் கட்டண ரசீதும் சொத்து வரி ரசீதும் உரிமைக்கு ஆதாரம் அல்ல. “வரி என் பேர்லதான் வருது” என்பது பேட்டைகளில் அடிக்கடி கேட்கும் வசனம். வரி கட்டுபவர் வாடகைதாரராகவும் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு மராத்தி நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபம் வருகிறதா என்று பார்ப்பது இங்கு வழக்கம். அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

சனிவார்வாடாவைச் சுற்றி 100 மீட்டர்

உரிமை தெளிவாக இருந்தும் சிக்கல் வரக்கூடிய ஓர் இடம் உண்டு. 1730-களில் முதலாம் பாஜிராவ் கட்டிய சனிவார்வாடா, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2010-ல் திருத்தப்பட்ட தொல்சின்னங்கள் சட்டப்படி இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி முதல் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி.

தடைப் பகுதியில் புதிய கட்டுமானம் கூடாது. இடித்துத் திரும்பக் கட்டவும் முடியாது. பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் மட்டும் முடியும். அதுவும் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடங்களுக்கு, முன் அனுமதியோடு. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதிலிருந்து இரண்டு கேள்விகள். விளம்பரத்தில் பெருமையாகச் சொன்ன அந்தப் ‘புதுப்பிப்பு’க்கு அனுமதி வாங்கினார்களா? அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். இரண்டாவது, “இன்னும் ஐந்து வருஷத்தில ரீடெவலப்மென்ட் வரும், உங்க 2 பிஎச்கே 3 பிஎச்கே ஆகும்” என்று தரகர் சொன்னால், வீட்டிலிருந்து சனிவார்வாடா மதிலுக்கு மேப்பில் அளந்து பாருங்கள். 100 மீட்டருக்குள் என்றால் அந்த வாக்குறுதிக்கு இன்றைய சட்டத்தில் இடமில்லை. விதியைத் தளர்த்த வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நீண்டநாள் கோரிக்கை. இடிந்து விழும் வீட்டில் வாழ்பவர்களின் நிலையில் அது நியாயமான கோரிக்கையும்கூட. ஆனால் கோரிக்கையை நம்பி விலை கொடுக்க முடியாது.

இந்தத் தூரத்துக்கு வெளியே இருந்தாலும், மாநகராட்சியின் பாரம்பரியக் கட்டடங்கள் பட்டியலில் இருக்கிறதா, எந்த கிரேடு என்று பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்தால் வெளித்தோற்றத்தை இஷ்டப்படி மாற்ற முடியாது.

டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கு?

பழைய கட்டடம் என்றாலே பலவீனம் என்று அர்த்தமில்லை. சுண்ணாம்புக் கலவையில் கட்டிய தடித்த சுவர் நன்றாகப் பராமரித்தால் நூறு ஆண்டு தாண்டியும் நிற்கும். ஆபத்து பெரும்பாலும் பராமரிக்காததிலும், அவசரமாகப் ‘புதுப்பித்ததிலும்’தான் வருகிறது.

முதலில், சுவர். புது அடுக்குமாடிகளில் பாரத்தைத் தூணும் உத்தரமும் தாங்கும். அறைச் சுவரை எடுத்தாலும் கட்டடம் நிற்கும். பழைய கட்டடங்கள் பலவற்றில் சுவரே பாரத்தைத் தாங்குகிறது. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்கியிருந்தால், மேல் மாடியின் பாரம் இப்போது எதன் மேல் நிற்கிறது என்று கேட்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் அவருடைய சுவரை எடுத்திருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்து, தண்ணீர். அந்தக் காலத்தில் கழிப்பறை பொதுவாக வீட்டுக்கு வெளியே. இப்போது ஒவ்வொரு பெட்ரூமுக்கும் உள்ளேயே பாத்ரூம் வைத்திருப்பார்கள். மர உத்தரத்தின் மேல் நிற்கும் பாத்ரூம் கசிந்தால், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைதான் முதலில் உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பு, மண் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடக்கூடியவை. அவற்றின் மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். ஒரு மழைக்காலம் முடிந்ததும் பெயிண்ட் உப்பும்.

1930-களின் கான்கிரீட் கட்டடம் என்றால் கவலை கம்பியில். பத்தாண்டுகளாகக் காற்றும் ஈரமும் போய் உள்ளே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பொரிந்து விழும். கான்கிரீட்டின் உறுதியையும் துருவையும் உடைக்காமலே சோதிக்கும் முறைகள் இருக்கின்றன. பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் தரும் அறிக்கை மட்டும் போதாது. 30 ஆண்டு கடந்த கட்டடத்துக்கு உறுதிச் சான்றிதழ் தேவை என்று மகாராஷ்டிர மாநகராட்சிகள் சட்டமே சொல்கிறது. ஒவ்வொரு மழைக்கும் முன்பு மாநகராட்சி அபாயக் கட்டடங்களைக் கணக்கெடுத்து நோட்டீஸ் ஒட்டும். அந்த நோட்டீஸ் இந்தக் கட்டடத்துக்கு எப்போதாவது வந்ததா என்று வார்டு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மும்பை தீவு நகரத்தில் இப்படிப்பட்ட பழைய வாடகைக் கட்டடங்களைப் பழுதுபார்க்க மாடா அமைப்பின் கீழ் தனி வாரியமே இருக்கிறது. புனேயில் அது இல்லை. கூரை ஒழுகினால் அது உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உள்ள பிரச்சினை மட்டுமே.

ஆற்றங்கரையையும் மறக்க வேண்டாம். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத், கடக்வாஸ்லா அணைகள் உடைந்தபோது முட்டா வெள்ளம் நாராயண், சனிவார், கஸ்பா பேட்டைகளுக்குள் புகுந்தது. மண் சுவர் வீடுகள் கரைந்து விழுந்தன. 1930-களின் கட்டடம் இன்றும் நிற்கிறது என்றால் அது அந்த வெள்ளத்தையும் தாண்டி வந்தது என்று அர்த்தம். அடித்தளம் அப்போது எவ்வளவு நனைந்தது, பிறகு யார் பார்த்தார்கள் என்பது இன்ஜினியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. இன்றைய வெள்ளக் கோடுகளுக்குள் வீடு வருகிறதா என்பதும்தான்.

ரெரா நம்மைக் காப்பாற்றுமா?

பெரும்பாலும் இல்லை. புதுக் கட்டடத்தில் கட்டுமானக் குறை தெரிந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு பில்டரே சரிசெய்து தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம். ஆனால் ஒருவர் தன் பழைய ஃபிளாட்டை அழகுபடுத்தி மறுவிற்பனை செய்வது ரெராவில் பதிவு செய்ய வேண்டிய திட்டம் அல்ல. எட்டு ஃபிளாட்டுக்கு மேற்படாத, அல்லது 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் வரும் சிறிய திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை. பேட்டை மனைகள் பல அந்த அளவுதான். ஆக, சாவி கைக்கு வந்த மறுநாள் கூரை விரிசல் தெரிந்தால், பொறுப்பு உங்களுடையது.

பணக் கணக்கு: 22 லட்சமா, 34 லட்சமா?

ரூ.80 லட்சம் என்பது கணக்குக்காக எடுத்த எண்தான். புனே மாநகராட்சி எல்லையில் முத்திரைத் தீர்வை, உள்ளாட்சி மற்றும் மெட்ரோ கூடுதல் வரிகளோடு சேர்த்து 7%. பெண் பெயரில் குடியிருப்பு வாங்கினால் 1% சலுகை. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் ரூ.30,000. ஆக ரூ.5.6 லட்சமும் ரூ.30,000-மும், மொத்தம் ரூ.5.9 லட்சம்.

ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி, வீட்டு மதிப்பில் 80% வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கியும் வீட்டை ரூ.80 லட்சம் என்றே மதிப்பிட்டால் கடன் ரூ.64 லட்சம். உங்கள் கையிலிருந்து 16 + 5.9 = ரூ.21.9 லட்சம்.

ஆனால் வங்கியின் மதிப்பீட்டாளர் புது கிச்சனைப் பார்த்து மயங்கமாட்டார். கட்டடத்தின் வயதையும் மீதி ஆயுளையும் பார்ப்பார். அவர் ரூ.65 லட்சம் என்று எழுதினால் கடன் ரூ.52 லட்சம்தான். உங்கள் கையிலிருந்து 28 + 5.9 = ரூ.33.9 லட்சம். ஒரே வீடு, ஒரே விலை, ரூ.12 லட்சம் வித்தியாசம். கட்டடத்தின் மீதி ஆயுள் குறைவு என்று இன்ஜினியர் சொன்னால் 20 ஆண்டுத் தவணையும் கிடைக்காமல் போகலாம். மாதத் தவணை ஏறும். அதனால் டோக்கன் கொடுக்கும் முன்பே வங்கியின் சட்ட, தொழில்நுட்ப ஆய்வு முடியட்டும். வங்கி மறுத்தால் டோக்கன் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று: ரூ.50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1% டிடிஎஸ் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் கடமை. விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வாழும் வாரிசு என்றால் இந்த 1% விதி அவருக்குப் பொருந்தாது. இதைவிட அதிகம் பிடிக்க வேண்டும். வாடா வாரிசுகளில் இப்படி ஒருவராவது இருக்க வாய்ப்பு உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

அப்போ வாங்கவே கூடாதா?

வாங்கலாம். நிலம் சொசைட்டியின் பெயரிலோ கண்டோமினியம் பத்திரத்திலோ தெளிவாக இருந்து, இன்ஜினியர் சரி சொல்லி, புதுப்பிப்புக்கு அனுமதியும் இருந்தால், பழைய நகரத்தில் ஒரு 2 பிஎச்கே நல்ல வீடுதான். தடித்த சுவர் ஏப்ரல் வெயிலை வெளியே நிறுத்தும். காய்கறிச் சந்தை, மருத்துவமனை, மெட்ரோ எல்லாம் நடக்கும் தூரம். கணபதி விழாவில் பத்து நாள் தூக்கம் போகும், அவ்வளவுதான். இப்படி வாங்கிப் பராமரிப்பவர்கள் இருப்பதால்தான் இந்தக் கட்டடங்களில் சில இன்னும் நிற்கின்றன.

வீடு பார்க்கப் போகும்போது இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் பிராப்பர்ட்டி கார்டு. பிறகு இண்டெக்ஸ் 2-வும் சங்கப் பதிவும். மூன்றாவது, சுவரையோ பாத்ரூமையோ மாற்றியதற்கான அனுமதி. நான்காவது, உறுதிச் சான்றிதழ். கடைசியாக, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி மேலே இருக்கும் உத்தரத்தைக் காட்டச் சொல்லுங்கள். முதல் காகிதத்தைக் கேட்டதும் விற்பவர் “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல டோக்கன் போடுங்க” என்றால், சாயா குடித்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.